யாரும் குறுக்கே வராத சாலை

பம்பரமும் கோலிக்குண்டும் கிட்டிப்புள்ளுமே நம் இளமைக் காலத்து விளையாட்டுகள். தெருவே நமக்குத் திடலாக இருந்தது. இன்றோ பிள்ளைகளின் திடல் வீட்டுக்குள் வந்து ஒரு கண்ணாடித் திரைக்குள் அடங்கிவிட்டது. இதைக் கண்டு பெருமூச்செறிவது எளிது. கடிந்துகொள்வது அதனினும் எளிது. ஆயின், அத்திரைக்குள் நம் பிள்ளை காண்பது யாது, எதனிடம் அவன் மனத்தைப் பறிகொடுக்கிறான் என்று அறிய, அவன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து பார்த்த பெற்றோர் நம்மில் எத்தனை பேர்?

சென்ற கோடை விடுமுறையில் என் பேரனுக்குப் பக்கத்தில் நான் அவ்வாறு அமர்ந்தேன். நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். பேரனுக்கு வயது பதினாறு; பதினொன்றாம் வகுப்பை முடித்திருந்தான். அவன் ஆடிக்கொண்டிருந்தது ஒரு கார்ப் பந்தய விளையாட்டு. அதன் பெயரைக் கேட்டதும் வியப்புற்றேன். இருபது ஆண்டுகளுக்கு முன், கல்லூரி மாணவனாக இருந்த என் மகன் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துக் கணிப்பொறி மையத்தில் ஆடிய அதே விளையாட்டு! தந்தை ஆடியதைத் தனயனும் ஆடுகிறான் என்றால், அதில் ஏதோ ஒரு வசியம் இருக்கத்தானே வேண்டும்?

அது என்ன விளையாட்டு?

'நீட் ஃபார் ஸ்பீடு: அண்டர்கிரவுண்ட்' என்பது அதன் பெயர். கனடா நாட்டின் வான்கூவர் நகரைச் சார்ந்து இயங்கிய 'பிளாக் பாக்ஸ்' என்னும் குழுவினர் இதை உருவாக்கினர். அமெரிக்காவின் 'எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்' நிறுவனம் 2003ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்டது. அடுத்த ஆண்டே இதன் இரண்டாம் பாகமும் வந்தது.

இவ்விளையாட்டில் எப்பொழுதும் இரவுதான். நனைந்த தார்ச்சாலையின்மீது கடை விளக்குகளின் சிவப்பும் நீலமும் மிதக்கின்றன. ஆடுபவனுக்கு முதலில் ஹோண்டா சிவிக் போன்ற எளியதொரு கார் கிடைக்கிறது. பந்தயங்களில் வென்று ஈட்டும் பணத்தைக் கொண்டு அதன் எஞ்சினை வலுப்படுத்தலாம், டர்போ பொருத்தலாம், கூடுதல் எரிபொருளை எரிக்க உதவும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவையும் ஏற்றலாம். பின்புறத்தில் இறக்கை போன்ற தகடு, புதிய பம்பர், பக்கவாட்டில் தீ நாக்குகள் போன்ற சித்திரம், அடியில் ஒளிரும் நியான் விளக்கு என்று அழகுபடுத்திக்கொண்டே போகலாம். நாளடைவில் மாஸ்டா ஆர்எக்ஸ்-7, டொயோட்டா சுப்ரா, நிஸான் ஸ்கைலைன் முதலிய பெயர் பெற்ற ஜப்பானியக் கார்கள் கைக்கு வருகின்றன.

என் பேரன் பந்தயத்தில் செலவிட்ட நேரத்தைக் காட்டிலும் வண்ணம் தீட்டுவதில் செலவிட்ட நேரமே மிகுதி என்பதைக் கவனித்தேன். "தாத்தா, பக்கப் பட்டைக்கு வெள்ளி நிறம் வைக்கட்டுங்களா, ஆரஞ்சு வைக்கட்டுங்களா?" என்று கேட்டான். நீலக் காருக்கு ஆரஞ்சுதான் எடுக்கும் என்றேன். முப்பது ஆண்டுகள் பெயிண்டர்களோடு பழகியவன் வேறு எதைச் சொல்வேன்?

இந்த மோகம் பிறந்த இடம்

இவ்விளையாட்டு ஆகாயத்திலிருந்து குதித்ததன்று. அதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. 1989 முதல் 2004 வரை ஜப்பானியக் கார் நிறுவனங்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன. தம் உள்நாட்டில் விற்கும் எந்தக் காரும் 280 குதிரைத்திறனுக்கு மேற்பட்டது என்று அறிவிப்பதில்லை என்பதே அது. ஆனால் ஸ்கைலைன், சுப்ரா போன்ற கார்களின் எஞ்சின்கள் அதைவிட மிகுதியான ஆற்றலைத் தாங்கக்கூடியவை. ஆகவே, தொழிற்சாலை நிறுத்திய இடத்திலிருந்து சிறு பட்டறைகள் தொடங்கின. எஞ்சினைத் திருத்தி ஆற்றலைப் பெருக்கும் கலை அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்தது. டோக்கியோ விரிகுடாவை ஒட்டிய நெடுஞ்சாலையிலும் மலைப்பாதைகளிலும் இளைஞர் சிலர் இரவில் பந்தயம் ஓடினர். 1995இல் தொடங்கிய 'இனிஷியல் டி' என்னும் ஜப்பானியச் சித்திரக்கதையின் நாயகன், தந்தையின் கடைக்காக மலைப்பாதையில் பழைய டொயோட்டா காரில் சோயாக்கட்டி கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு பையன்!

இந்த ஆர்வம் கடல் கடந்து அமெரிக்காவின் கலிஃபோர்னியாவை அடைந்தது. அங்குக் குடியேறிய ஆசியக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் விலை குறைந்த ஜப்பானியக் கார்களை வாங்கித் திருத்தி ஓட்டினர். வெளிநாட்டிலிருந்து வந்தவை ஆதலால் அவற்றுக்கு 'இம்போர்ட்' என்றே பெயர் வழங்கலாயிற்று. 2001இல் வெளிவந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' என்ற திரைப்படம் இதை உலகெங்கும் பரப்பியது. அந்த அலையின்மீது ஏறி வந்ததே 2003ஆம் ஆண்டின் இவ்விளையாட்டு.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. உற்பத்தியாகி 25 ஆண்டுகள் நிறையாத, தன் விதிகளுக்கேற்ப அமையாத காரை அமெரிக்கா தன் நாட்டுக்குள் விடுவதில்லை. 1999இல் வெளிவந்த ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 அந்த வரம்பைக் கடக்க 2024 ஆக வேண்டியிருந்தது. எனவே நாமக்கல் பையனைப் போலவே பெரும்பாலான அமெரிக்கப் பையன்களும் அக்காரைத் திரையில்தான் ஓட்டினார்கள். கைக்கு எட்டாத பொருளைக் கனவிலேனும் தொட்டுப் பார்க்கும் ஆசைக்கு நாடு என்ன, எல்லை என்ன!

நம் ஊருக்குப் புதியதா?

வண்டியை அழகு செய்யும் இந்த ஆசையை மேனாட்டுப் பைத்தியம் என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. நாமக்கல்லில் பிறந்தவன் அவ்வாறு எப்படிச் சொல்ல முடியும்? லாரித் தொழிலால் வாழும் ஊர் இது. நெடுங்காலம் தொழிற்சாலையிலிருந்து லாரி வெறும் சேசிஸாகவே வந்துகொண்டிருந்தது. கூண்டும் கதவும் இல்லாத அந்த எலும்புக்கூட்டின்மேல், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலும் புழுதியும் முகத்தில் அறைய டிரைவர் ஓட்டி வருவார். எங்கள் பட்டறையில் தச்சரும் வெல்டரும் தகட்டு வேலைக்காரரும் சேர்ந்து அதற்குக் கூண்டும் பாடியும் கட்டுவார்கள். பின்பு பெயிண்டர் வருவார். முகப்பில் முதலாளியின் குலதெய்வமோ, வேளாங்கண்ணி மாதாவோ எழுந்தருளுவர். பக்கங்களில் தாமரையும் மயிலும் பூக்கும். பின்பலகையில் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக அமரும். எலும்பும் தோலுமாக வந்தது மணப்பெண் போல வெளியே போகும். நம் பங்குகளில் அத்தகைய புது லாரியைக் கோவில் வாசலில் நிறுத்தி மந்திரிக்கச் செய்வதும் உண்டல்லவா?

பக்கத்துத் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும், கரூரில் பேருந்துகளும் இவ்வாறே உருப்பெறுகின்றன. ஆகவே, திரையில் ஒரு ஜப்பானியக் காருக்கு வண்ணம் தேடும் என் பேரனிடம் நான் கண்டது அந்நியமான எதையும் அன்று. எங்கள் பட்டறைப் பெயிண்டரின் கண்ணையே கண்டேன். இன்று அவன் தந்தை லாரிப் பாடிகளுக்கு வண்ணம் தீட்டும் வேலையை எடுத்துச் செய்கிறான். கணிப்பொறித் திரையில் நிறம் தேர்ந்த பழக்கம் அத்தொழிலுக்குப் பயன்பட்டதாக அவனே கூறுவான்.

திரையில் இல்லாதவர்கள்

பின்னர்ப் பந்தயம் தொடங்கியது. நான் கண்ணிமைக்காமல் பார்த்தேன். கார் சீறிப் பாய்ந்தது. எதிரே வந்த வண்டியை மயிரிழையில் தவிர்த்தபோது திரையில் புள்ளிகள் ஏறின. ஆம், பிற வாகனத்தை உரசுவதுபோல் சென்று தப்புவதற்கு இவ்விளையாட்டில் பரிசு உண்டு. சுவரில் மோதினால் கார் நசுங்குவதில்லை. வேகம் சற்றுக் குறைகிறது, அவ்வளவே. நேர்க்கோட்டில் ஓடும் ஒரு வகைப் பந்தயத்தில் மட்டும் மோதினால் ஆட்டம் முடிகிறது. அதற்கும் மருந்து உண்டு. மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். இந்த முதற் பாகத்தில் காவலரும் இல்லை.

எனக்கு ஏதோ ஒன்று உறுத்தியது. அது இன்னதென்று புரியச் சற்று நேரமாயிற்று.

"தம்பி, இவ்வளவு பெரிய ஊரில் சாலையைக் கடப்பவர் ஒருவரையும் காணோமே?" என்று கேட்டேன்.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஆள் குறுக்கே வந்தா எப்படிங்க தாத்தா பந்தயம் ஓட்ட முடியும்?" என்றான்.

ஒரு நீண்ட சொற்பொழிவு சொல்ல வேண்டியதை அப்பிள்ளை ஒரு வரியில் சொல்லிவிட்டான். ஆள் வந்தால் பந்தயம் இல்லை. பந்தயம் வேண்டுமானால் ஆள் இருக்கக் கூடாது. ஆகவேதான் அதைப் படைத்தவர்கள் அந்நகரத்துச் சாலைகளிலிருந்து மனிதரை நீக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லை, பால்காரர் இல்லை, கைத்தடியூன்றி வரும் மூதாட்டி இல்லை, சக்கரம் பழுதாகிச் சாலையோரம் நிற்கும் லாரிக்காரரும் இல்லை. விளையாட்டில் அது குற்றமன்று. நம் ஊர்ச் சாலையோ அவர்களால் நிறைந்தது.

2005இல் நடந்தது

இதை நான் கற்பனையாக எழுதவில்லை. என் மகனோடு அதே கணிப்பொறி மையத்தில் ஆடியவர்களுள் எங்களுக்கு அடுத்த தெருப் பிள்ளை ஒருவன் இருந்தான். பெற்றோருக்கு ஒரே மகன், சுறுசுறுப்பானவன், கண்டால் வணக்கம் சொல்லாமல் போகமாட்டான். தன் மோட்டார் சைக்கிளின் சைலன்சரை மாற்றி, அதன் ஓசை இரண்டு தெருவுக்குக் கேட்கும்படி செய்திருந்தான். 2005ஆம் ஆண்டில் ஓர் இரவு, நண்பர் இருவரோடு சேலம்–கரூர் நெடுஞ்சாலையில் யார் முந்துவது என்று ஓட்டினான். சக்கரம் மாற்றுவதற்காக ஓரத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. அதன் பின்புறத்தில் மோதினான். மருத்துவமனைக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

அவன் தாயைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் அது உண்மையில் நூற்றில் ஒரு பங்காகாது. ஊரில் யாரும் அதிகமாகப் பேசாத இன்னொருவனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குனிந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த கிளீனர் பையனும் அன்று அடிபட்டான். அவனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பந்தயம் என்ற ஒன்று நடப்பதே அவனுக்குத் தெரியாது. பல மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தவன் லாரி வேலைக்குத் திரும்பவே இல்லை. டிரைவராக வேண்டும் என்பது அவன் ஆசை.

விளையாட்டுதான் அப்பிள்ளையைக் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். அதே விளையாட்டை ஆடிய என் மகன் இன்றும் நிதானமாக வண்டி ஓட்டுகிறான். கணிப்பொறியையே காணாத தலைமுறையிலும் வேகத்துக்குப் பலியானோர் உண்டு. ஆயினும், மயிரிழையில் தப்பியதற்குப் புள்ளி பெற்றுப் பழகிய உள்ளத்துக்கு, மயிரிழை என்பது எவ்வளவு மெல்லியது என்பதை யாரேனும் சொல்லித்தர வேண்டாமா?

கணக்கன் ஆகையால் கணக்கையும் சொல்கிறேன். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. கண் கண்டதை மூளை உணர்ந்து கால் பிரேக்கை மிதிப்பதற்கே ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் நிற்பதற்குத் தேவையான தொலைவு நான்கு மடங்காகிறது. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் பத்தில் ஏழு பேரின் சாவுக்கு மிகுவேகமே காரணமாகக் குறிக்கப்பட்டுள்ளது.

முன்னர்க் குறிப்பிட்ட அமெரிக்கத் திரைப்படத்தில் நடித்துப் புகழ்பெற்ற பால் வாக்கர் என்ற நடிகரும் அவ்வாறே மாண்டார். 2013 நவம்பர் 30ஆம் நாள், தாம் நடத்திய அறக்கட்டளையின் நிகழ்ச்சியிலிருந்து நண்பர் ஓட்டிய காரில் புறப்பட்டவர் வழியிலேயே உயிரிழந்தார். மணிக்கு 45 மைல் வேகம் மட்டுமே அனுமதிக்கப்பட்ட அச்சாலையில் கார் 93 மைல் வரை சென்றதாக விசாரணையில் தெரிந்தது. திரைப்படத்தில் ஆபத்தின்றி முடிந்த பந்தயங்கள் மெய்யான சாலையில் அவரைக் காக்கவில்லை.

வேகத்துக்கும் ஓர் இடம் உண்டு

அப்படியானால் வேகத்தை விரும்பும் பிள்ளை என்ன செய்வான்? அவனுக்கும் வழி இருக்கிறது. சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களைப் பெரியவர்கள் நினைவுகூர்வர். 1990 முதல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இயங்குகிறது. கோயம்புத்தூரிலும் ஒன்று உண்டு. அக்கோவை மண்ணின் மைந்தர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள தெருக்களிலேயே இரவில் கார்ப் பந்தயம் நடந்தது. ஆனால் அத்தெருக்களை முன்கூட்டியே அடைத்து, இருபுறமும் தடுப்புச் சுவர் எழுப்பி, மருத்துவரையும் தீயணைப்பாளரையும் நிறுத்திய பின்னரே நடந்தது. யாரும் குறுக்கே வராத சாலையை மெய்யாகவே அமைக்க எவ்வளவு பாடு பாருங்கள்!

நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தான் போட்டியிட்ட பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அதற்குச் சில நாள் முன்பு பயிற்சியில் அவருடைய கார் தடுப்பில் மோதிச் சுழன்று நின்றது. அவர் காயமின்றி இறங்கி நடந்தார். இரும்புக் கூண்டும் தலைக்கவசமும் இடைப்பட்டைகளும் அவரைக் காத்தன. நம் நெடுஞ்சாலையில் செல்லும் பிள்ளைக்கு இவற்றுள் எது இருக்கிறது?

தடத்திலும் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. 'கிரான் டூரிஸ்மோ' என்னும் கார் விளையாட்டில் திறமை காட்டி, 2011இல் நடந்த போட்டியில் வென்று மெய்யான பந்தய வீரரானவர் பிரிட்டானிய இளைஞர் ஜான் மார்டன்பரோ. 2015 மார்ச்சில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் அவருடைய கார் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டியது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் உயிரிழந்தார். விளையாட்டில் கரைகண்டவருக்கே அந்நிலை என்றால், மற்றவர் சிந்திக்க வேண்டாமா?

பெற்றோர்க்குச் சில சொற்கள்

சட்டம் இன்று பெற்றோரையும் விடுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால், தமக்குத் தெரியாமல் நடந்தது என்று மெய்ப்பித்தாலன்றிப் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் நீக்கப்படும். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் தண்டனைக்கு அஞ்சி மட்டும் ஒரு பிள்ளை நல்ல ஓட்டுநன் ஆவதில்லை.

விளையாட்டைப் பிடுங்கி எறிய வேண்டாம். பிடுங்கினால் அவன் வேறிடத்தில் ஆடுவான். அருகில் அமர்ந்து பாருங்கள். அவனுடைய கைத்திறனைப் பாராட்டுங்கள். வண்டியில் ஆர்வம் உள்ளவனை ஒரு நல்ல பட்டறைக்கு அழைத்துச் செல்லுங்கள். பிரேக் எவ்வாறு இயங்குகிறது, டயர் ஏன் தேய்கிறது என்று எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு அவன் கற்கட்டும். பதினெட்டு நிரம்பும் வரை சாவியை மட்டும் உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

விடுமுறை முடியுமுன் ஒரு சனிக்கிழமை, மகனும் நானும் பேரனைப் பட்டறைக்கு அழைத்துச் சென்றோம். வண்ணம் தீட்டி முடித்த லாரி ஒன்று அங்கே நின்றது. எஞ்சின் ஓடவில்லை. பேரனை டிரைவர் இருக்கையில் ஏற்றி அமர்த்தினோம். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவன் முகத்தில் படர்ந்த பெருமிதத்தைச் சொல்லி முடியாது. நான் கீழே இறங்கி, லாரியின் முகப்பை ஒட்டி இடப்பக்க மூலையில் போய் நின்றுகொண்டேன்.

"தாத்தா எங்கே நிற்கிறார், சொல் பார்ப்போம்" என்றான் என் மகன்.

பேரன் முன் கண்ணாடியில் பார்த்தான். பக்கக் கண்ணாடியில் பார்த்தான். எழுந்து எட்டிப் பார்த்தான். பிறகு கலக்கத்தோடு அழைத்தான்: "தாத்தா, எங்கேங்க இருக்கீங்க?"

"இங்கேதான் இருக்கிறேன், சாமி, உனக்கு முன்னாலேயேதான் இருக்கிறேன்" என்று குரல் கொடுத்தேன். அவன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இறங்கி வந்து, நான் நின்ற இடத்தையும் இருக்கையின் உயரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். அதன்பின் நாங்கள் அவனுக்கு அறிவுரை எதுவும் கூறவில்லை.